டயர் வொரண்டி: "காற்றுக் குறைவு" என்ற பதிலும் எமது வேன் சாரதிகளும்

கடந்த மாதம் அஸர் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வந்தபோது, எனக்குத் தெரிந்த இளம் வேன் சாரதி ஒருவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கடிதமொன்றை எடுத்து நீட்டினார். "காக்கா, இத ஒருக்கா பாருங்களேன்" என்றார். டயர் இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றின் பதில் அது. டயர் பரிசோதிக்கப்பட்டது, பழுதுக்குக் காரணம் காற்றுக் குறைவாக ஓடியமையே, எனவே உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தர முடியாது என்று ஆங்கிலத்தில் மூன்று வரிகள். மனைவியின் நகையை அடகு வைத்து அவர் வாங்கிய நான்கு டயர்களில் ஒன்று அது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

ஏறக்குறைய இதே மூன்று வரிகள் 2022 இல் எனக்கும் வந்தன. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். எமது பிரதேசத்தில் வேன், முச்சக்கரவண்டி, லொறி ஓடிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு டயர் வொரண்டி என்றால் பில்லுடன் சேர்த்துத் தரப்படும் ஓர் அட்டை, அவ்வளவுதான். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, எது எழுதப்படாமல் இருக்கிறது என்பது டயர் பழுதான பிறகுதான் தெரியவருகிறது. நான் பொறியியலாளர் அல்லன். சவூதியில் ஆறு வருடம் வீட்டுச் சாரதியாக இருந்தவன். அதன் பிறகு காத்தான்குடி - கொழும்பு ஹயர் ஓடிக்கொண்டிருப்பவன். ஒரு தடவை தோற்று, ஒரு தடவை ஓரளவு வென்ற அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வெலிக்கந்தைக்கு அப்பால் ஓர் இரவு

2020 இல் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது டயரும் அதில் அகப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். 2021 இல் என்னுடைய கே.டி.எச். வேனுக்கு நான்கு டயர் தேடி மட்டக்களப்பு, கல்முனை, கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தை வரை அலைந்தேன். கிடைத்ததை, கேட்ட விலைக்கு வாங்கினேன். எந்த நாடு, எந்த வருடம், என்ன இலக்கம் என்று பார்க்கும் மனநிலை அப்போது இருக்கவில்லை. டயர் கிடைத்ததே பெரிய விடயமாக இருந்தது.

சுமார் பத்து மாதம் கழித்து, உம்ராவுக்குச் செல்லும் குடும்பமொன்றை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பெரியவர்கள் எட்டுப் பேர், ஒரு குழந்தை, பெட்டிகள். புணானை தாண்டும்போது ஸ்டியரிங்கில் இலேசான நடுக்கம். வீதி சரியில்லை என்று நினைத்தேன். வெலிக்கந்தை தாண்டியும் நடுக்கம் போகவில்லை. பின்னாலிருந்து தாளம் போடுவதுபோல ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் ஓரங்கட்டினேன். இறங்கிப் பார்த்தால் பின் இடது டயரின் மேற்பட்டை பழைய செருப்பின் அடிபோல ஒரு சாண் நீளத்துக்குக் கிளம்பி, உள்ளே கம்பி தெரிந்தது. யானை நடமாடும் இடம். தொலைபேசி வெளிச்சத்தில் ஜெக் வைத்து மாற்றினேன். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் எதுவும் ஆகவில்லை. இன்னும் பத்து நிமிடம் எண்பதில் ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அந்தக் குடும்பத்திடம் நான் சொல்லவில்லை.

மறுவாரம் டயரைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடை ஹாஜியார் நல்ல மனிதர். படிவம் நிரப்பி, டயரைக் கொழும்புக்கு அனுப்பினார். படிவத்திலே டயரின் தொடர் இலக்கம், பூட்டிய திகதி, பூட்டும்போது மீற்றர் எவ்வளவு, இறுதியாக எலைன்மென்ட் பார்த்த திகதி என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். என்னிடமிருந்த பில்லில் "டயர் 4" என்று மட்டுமே இருந்தது. மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டோம். ஆறு கிழமை கழித்து அந்த மூன்று வரிக் கடிதம் வந்தது.

முதலில் எனக்குக் கோபம். பிறகு ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்தது. அந்தப் பத்து மாதத்தில் எத்தனை தடவை காற்றுப் பார்த்தேன்? எண்ணெய் அடிக்கப் போகும்போது, ஞாபகம் வந்தால், பார்த்தேன். நடுவில் ஒரு பஞ்சர் போட்டேன். ஆனால் அது எந்த டயர் என்று நினைவில்லை. அவர்கள் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மை என்று அவர்களும் எனக்குக் காட்டவில்லை. இருவரிடமும் ஆதாரம் இல்லாத இடத்தில் நட்டம் என் தலையில் விழுந்தது.

டயரை உள்ளே திருப்பி என்ன பார்க்கிறார்கள்

பிற்பாடு கொழும்பில் டயர் பரிசோதனை வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரின் அறிமுகம் கிடைத்தது. அவர் சொல்லித்தந்தவை எந்த வொரண்டி அட்டையிலும் இல்லை.

டயரை வெளியிலிருந்து பார்ப்பதைவிட உட்புறத்தையே அவர்கள் அதிகம் பார்ப்பார்களாம். காற்றுக் குறைவாக ஓடிய டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்வதால், உட்பக்கத்தில் வட்டமாக ஒரு தேய்மான வளையம் விழும். கறுப்புத் தூளும் இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டு தோள்களும் தேய்ந்து நடுப்பகுதி உயர்ந்திருக்கும். காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். எலைன்மென்ட் பிழையென்றால் ஒரு பக்கம் மட்டும் தேயும். குழியில் விழுந்து அடிபட்ட டயரில் பக்கச்சுவரின் நூல் அறுந்து வெளியே வீக்கம் தெரியும். உள்ளே கிள்ளியதுபோல இரட்டைத் தடம் இருக்கும். இவை எல்லாம் பாவனைப் பழுது என்ற கணக்கில் போகும். தேய்மானம் எல்லா இடத்திலும் சமமாக இருந்து, உட்புறம் சுத்தமாக இருந்து, ஒரு இடத்தில் மாத்திரம் பட்டை பிரிந்தாலோ மேடாக எழுந்தாலோதான் தயாரிப்புக் குறை என்ற பேச்சு வரும்.

இதில் சாரதிகள் ஏமாறும் ஓர் இடம் பஞ்சர். சிறிய ஆணி குத்தி மெல்லக் காற்று இறங்கிய டயருடன் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடிப் பஞ்சர் கடையைத் தேடினால் போதும், அந்த வளையம் உள்ளே விழுந்துவிடலாம். பஞ்சரை வெளியிலிருந்து குத்திச் சரிசெய்துகொண்டு நாம் மறந்துவிடுவோம், டயர் மறக்காது. எனவே பஞ்சர் போடும்போது டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்வது நல்லது. கூடுதலாகச் சில நூறு ரூபா போகும். பக்கச்சுவரில் அல்லது தோளில் விழுந்த ஓட்டையை ஒட்டுப்போட்டு ஓடக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதைச் செய்து தரும் கடைகள் எமது ஊரிலும் உண்டு.

வேறொன்று. பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய பள்ளம்போலத் தெரிந்தால் பலர் பதறுகிறார்கள். நூல் படைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இடத்தில் வரும் அடையாளம் அது, பெரும்பாலும் ஆபத்தில்லை. பள்ளத்துக்கு மாறாக வீக்கம் தெரிந்தால் அந்த டயருடன் நெடுந்தூரம் போகவேண்டாம்.

வொரண்டி எதற்கு, எதற்கு இல்லை

"ஐம்பதாயிரம் கிலோமீற்றர் ஓடும்" என்று கடைக்காரர் வாயால் சொல்வதும் அட்டையில் உள்ளதும் வேறு வேறு. நான் பார்த்த அட்டைகள் எல்லாமே தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொறுப்பேற்கின்றன. சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்பதற்கு அவற்றில் இடமில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் சில டயர்களுக்கு மைலேஜ் உத்தரவாதம் தனியாகக் கொடுக்கிறார்கள். அதற்கும் டயரை இடம் மாற்றிப் பூட்டிய பதிவு கேட்பார்கள். டயரின் பக்கத்தில் "டிரெட்வெயார் 400" போன்று அச்சிட்டிருக்கும் எண்ணைக் கிலோமீற்றர் கணக்கென்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது அமெரிக்க முறையில், 100 என்று மதிப்பிடப்பட்ட ஒரு சோதனை டயருடன் ஒப்பிட்டுப் போடும் எண். 400 என்றால் அந்தச் சோதனை வீதியில், அந்தச் சோதனை டயரைவிட நான்கு மடங்கு மெதுவாகத் தேய்ந்தது என்று பொருள். எங்களுடைய வெயிலும் எங்களுடைய சுமையும் அந்தக் கணக்கில் இல்லை.

அடுத்தது, வொரண்டி ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் புதிய டயர் இலவசமாகக் கிடைப்பது அரிது. மிச்சமிருக்கும் பட்டையின் அளவுக்கே கழிவு தருவார்கள். என்னுடைய இரண்டாவது முறைப்பாட்டின் கணக்கையே சொல்கிறேன். 2024 இல், வேறொரு டயரின் முகத்தில் ஓர் இடம் மட்டும் மேடாக எழுந்தது. புதிதாக இருக்கும்போது அந்த டயரின் பட்டை ஆழம் 8.5 மில்லிமீற்றர். பட்டையின் பள்ளங்களுக்குள்ளே சிறு மேடுகள் குறுக்கே இருக்கும். பட்டை தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்தால் ஆழம் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம், டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆகவே பாவிக்கக்கூடிய பட்டை 6.9 மில்லிமீற்றர். நான் கொண்டுபோனபோது ஆழம் 5.5, அதில் 1.6 ஐக் கழித்தால் 3.9 மிச்சம். 3.9 ஐ 6.9 ஆல் வகுத்தால் 56 வீதத்துக்குச் சற்று மேல். 40,000 ரூபா டயருக்கு ஏறத்தாழ 22,600 ரூபா கழிவு கிடைத்தது. மீதி 17,400 ஐக் கொடுத்துப் புதிய டயர் எடுத்தேன். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொண்டு போனால் பேரம் பேசுவதற்கு ஒரு பிடிமானம் இருக்கும். ஆழம் அளக்கும் சிறிய கருவி பெரிய விலையில்லை. கழிவை வாங்கிய விலையில் போடுகிறார்களா, இன்றைய விலையில் போடுகிறார்களா என்பதையும் வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். விலை ஏறிக்கொண்டேயிருக்கும் நாட்டில் இது சிறிய விடயமல்ல.

முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை எப்படி வென்றேன்? வேனின் டாஷ்போட்டுக்குள் நாற்பது பக்கக் கொப்பியொன்று போட்டிருந்தேன். வாங்கிய அன்றே பில்லில் நான்கு டயரின் இலக்கங்களையும் மீற்றரையும் எழுதச் சொல்லிக் கடை முத்திரை வாங்கினேன். எழுதுவதற்குக் கடைப் பையன் முகம் சுளித்தான், எழுதித் தந்தான். பதினைந்து நாளுக்கொருமுறை காற்றுப் பார்த்த திகதியும் அளவும், எலைன்மென்ட் பில், ஏறத்தாழ 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன் பின் டயரை மாற்றிய திகதி, பஞ்சர் எது என்ற விபரம் எல்லாம் அந்தக் கொப்பியில். டயரை அனுப்புவதற்கு முன் உள்ளும் புறமும் படம் எடுத்தேன். கொப்பிப் பக்கங்களின் பிரதியையும் டயருடன் வைத்து அனுப்பினேன். இருபது நாட்களுக்குள் பதில் வந்தது. அந்த டயர் முதல் டயரைவிடத் தெளிவான தயாரிப்புக் குறையோடு இருந்திருக்கவும் கூடும். கொப்பி மட்டும்தான் காரணம் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் "காற்றுக் குறைவு" என்று எழுதுவதற்கு அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

காற்றின் அளவு பற்றி ஒரு வார்த்தை. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு. நாம் அடிக்க வேண்டிய அளவு சாரதிக் கதவைத் திறந்தால் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். ஜப்பான் வாகனங்களில் அது கிலோ பஸ்கலில் எழுதியிருக்கும். ஏழால் வகுத்தால் ஏறக்குறைய பி.எஸ்.ஐ. வந்துவிடும். 230 என்றிருந்தால் 33. காலையில் ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். தம்புள்ளையில் தேநீர் குடிக்க நிறுத்தும்போது பார்த்தால் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறுநாள் காலையில் குறைந்த காற்றுடன் புறப்படுகிறார்கள்.

வாங்கும்போது கண்ணில் படவேண்டியவை

டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த கிழமையும் வருடமும். 2419 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 24 ஆவது கிழமை. சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த நான்கு இலக்கங்களும் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் பிறகு காண்பது கஷ்டம். பூட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பின் வருடாவருடம் பரிசோதிக்குமாறும், பட்டை மிச்சமிருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிடுமாறும் பெரிய டயர் நிறுவனங்களே சொல்கின்றன. சில வாகன நிறுவனங்கள் ஆறு வருடம் என்கின்றன. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும். முதல் தடவை நான் வாங்கிய டயரின் இலக்கத்தைக் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன். கடைக்கு வரும்போதே மூன்று வருடம் பழையது. வொரண்டிக் காலம் தயாரித்த திகதியிலிருந்தா, வாங்கிய திகதியிலிருந்தா என்று கேட்காமல் பழைய இருப்பை வாங்குவது வொரண்டியின் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

வேன் சாரதிகள் அனைவரும் பார்க்க வேண்டியது சுமை இலக்கம். அளவு ஒன்றாக இருந்தாலும் தாங்கும் எடை வேறாக இருக்கலாம். 195/80 ஆர் 15 என்ற அளவில் 107/105 என்று போட்ட இலகு லொறி வகை டயரும் இருக்கிறது. 96 என்று போட்ட சாதாரண வகையும் இருக்கிறது. 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். 96 என்றால் 710 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்தால் ஆயிரம் கிலோவுக்கு மேல் வித்தியாசம். இரண்டும் ஒரே ரிம்மில் ஏறும், பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், இரண்டாவது மலிவு. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேனில் இந்த மலிவு டயரை நான் கண்டிருக்கிறேன். சாரதியிடம் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. விற்ற கடைக்காரருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. குறையைச் சொல்லி விற்க வேண்டிய கடமை பற்றி எமது வியாபாரிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியிருப்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வரும் சிலவற்றில் பனிக்கால டயர் பூட்டியிருக்கும். பக்கத்தில் "ஸ்டட்லெஸ்" என்ற சொல் அல்லது பனித்துளி அடையாளம் இருக்கும். பட்டை நிறைய இருப்பதைப் பார்த்து டயர் புதிது என்று சந்தோஷப்பட வேண்டாம். குளிருக்குச் செய்த மென்மையான ரப்பர் எங்கள் வெயிலில் விரைவாகத் தேயும்.

ஒருவர் முறையிட்டால் என்ன ஆகப்போகிறது?

இளம் சாரதி என்னிடம் கேட்டது இதைத்தான். இதற்கு எனக்குத் தெரிந்த பதில் சவூதியிலிருந்து வருகிறது. 1999 இல் நான் தம்மாமில் இருந்தேன். ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஓட்டிய சாரதி நண்பர்கள் ஏஜென்சிக்குப் போய் டயர் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். வெயிலில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் பட்டை பிரிந்து வாகனம் புரண்ட சம்பவங்கள் அங்கே நடந்திருந்தன. ஃபோர்ட் நிறுவனம் சவூதியிலும் அயல் வளைகுடா நாடுகளிலும் அந்த டயர்களை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் அதே டயர்கள் தொடர்ந்து ஓடின. அங்கே ஒரு காப்புறுதி நிறுவன ஊழியர் 1998 லேயே தன் மேசைக்கு வந்த 21 முறைப்பாடுகளில் ஒரே வகை டயர் வருவதைக் கவனித்து அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு அறிவித்திருந்தார். உடனே எதுவும் நடக்கவில்லை. 2000 ஆகஸ்டில்தான் சுமார் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க அதிகாரிகள் அந்த டயர்களுடன் தொடர்புபடுத்திய மரணங்களின் எண்ணிக்கை 271.

அந்த விவகாரத்திலும் பெரிய சண்டை காற்றைப் பற்றித்தான். ஃபோர்ட் பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. போதாது என்றது டயர் நிறுவனம். டயரே பிழை என்றது ஃபோர்ட். இரண்டு பெரிய நிறுவனங்கள் ஆவணங்களை மேசையில் போட்டு வாதிட்டன. பின்னர் விசாரணையில் டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்தது வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், வொரண்டி முறைப்பாடுகள் உட்படத் தமக்கு வரும் எச்சரிக்கைத் தகவல்களை நிறுவனங்கள் அரசுக்கு ஒழுங்காக அறிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முறைப்பாடும் ஒரு சாரதியின் கவலையீனமாகத் தெரிந்தது. இருபத்தொன்றையும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் டயர் தெரிந்தது.

எங்கள் நாட்டில் அந்த "ஓரிடம்" எது? 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி முறையிட வழி செய்கிறது. விசாரித்த பின் நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்க அதிகார சபை உத்தரவிடலாம். வியாபாரி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. டயரின் தயாரிப்புக் குறை பெரும்பாலும் எட்டு மாதத்தில், ஒரு வருடத்தில்தான் வெளியே தெரிகிறது. நிறுவனம் பல வருட வொரண்டி தருகிறது. அந்த வொரண்டி மீறப்பட்டதாக முறையிடும் கதவோ மூன்று மாதத்தில் மூடிவிடுகிறது. பழுது தெரியவந்த நாளிலிருந்து அல்லது வொரண்டி மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் என்று திருத்தினால் போதும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்டடத் திறப்பு விழாக்களுக்கிடையே இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விற்ற பொருள் உரிய பாவனைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றத்திலும் கேட்கலாம். ஒரு டயருக்காக வழக்குப் போட்டால் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு டயர் வாங்கிவிடலாம். செலவில்லாத வழி மத்தியஸ்த சபை. கடைக்காரர் அதே ஊர்க்காரராக இருந்தால் அங்கே பேசி முடிப்பதற்கு நியாயமான வாய்ப்பு உண்டு.

இளம் சாரதியுடைய டயரை மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நிறுவனம் டயரைத் திருப்பி அனுப்பியிருந்தது நல்லதாகப் போயிற்று. மறுக்கப்பட்ட டயரைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுபவர்கள் அதிகம். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தோம். அவர்கள் சொன்ன வளையம் இருந்தது. ஆனால் மிக மெல்லியது, சுற்றில் பாதிக்கு மட்டுமே. தோள்கள் இரண்டும் நடுப்பகுதிக்குச் சமமாகத் தேய்ந்திருந்தன. காற்றில்லாமல் மாதக் கணக்கில் ஓடிய டயர் இப்படி இராது என்பது என் கருத்து. என் கருத்தை எவரும் ஏற்க வேண்டியதில்லை. படம் எடுத்து, ஐந்து இடத்தில் ஆழம் அளந்து, எந்த அடையாளத்தை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதைப் படத்துடன் எழுத்தில் தருமாறு கேட்டு நிறுவனத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதன் பிரதியொன்று அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. மூன்று மாதம் கடந்துவிட்டதால் ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் அனுப்பினோம். அவர்களுடைய கோவையில் ஒரு காகிதமாவது இருக்கட்டும்.

நிறுவனத்தின் பதில் இன்னும் வரவில்லை. அவருடைய வேனில் மற்ற மூன்று டயர்களும் அதே வகை, அதே கிழமையில் தயாரித்தவை. காலையில் பாடசாலை ஹயர் போவதற்கு முன் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்க்கிறார். கொப்பியில் எழுதவும் தொடங்கியிருக்கிறார்.